கூட்டல் கழித்தலுக்குள் ஒரு குடியிருப்பு

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. விசாவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அதன் மதில் சுவர் நன்றாகத் தெரியும். அந்தச் சுவருக்கு ஒரு மகிமை உண்டு. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்கிற நுண்துகள், ஒரு நாள் சராசரியாக, 58 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். சுவருக்கு உள்ளே அமெரிக்க அட்டவணைப்படி அந்தக் காற்று 'உடல்நலத்துக்குக் கேடு'. அதே காற்று சுவரேறிக் குதித்து அண்ணா சாலைக்கு வந்ததும் நம் அட்டவணைப்படி 'திருப்திகரம்'. ஒரு செங்கல் சுவர் இத்தனை சுத்தமாகக் காற்றை வடிகட்டும் என்றால் நாடு முழுக்க அதையே கட்டிவிடலாம்.

சுவரின் மகிமைக்கும் இப்போது வேலையில்லாமல் போய்விட்டது. தூதரகங்களில் எடுத்த காற்று அளவீடுகளை வெளியிடுவதை 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை நிறுத்திக்கொண்டது. காசு இல்லையாம். ஆக, சுவரின் இரு புறமும் இன்று திருப்தி நிலவுகிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த 58 என்கிற எண்ணில் இரு தரப்புக்கும் சண்டை வர இடமில்லை. தூதரகத்தில் இருந்ததும், நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் பல இடங்களில் வைத்திருப்பதும் ஒரே இனக் கருவிதான். ஒரு நாடாவில் தூசியைப் படியவைத்து, அதன் வழியே பீட்டா கதிரைச் செலுத்தி, எவ்வளவு கதிர் தடைபட்டது என்று பார்த்து எடை சொல்லும் கருவி. எண் ஒன்று, பெயர் இரண்டு. இருந்தும் நம் ஊரில் காற்றைப் பற்றி வாய் திறந்தால் முதலில் வருகிற பதில் என்ன? "அவங்க அளக்கிற முறை வேற சார்."

இந்த 'முறை வேறு' என்பது சாதாரண வாக்கியமல்ல. அதற்குள் ஒரு குடியிருப்பே இருக்கிறது. மந்திரிகள், செயலாளர்கள், புகைக்கூண்டு முதலாளிகள், அவர்களின் ஆலோசகர்கள் என்று ஒரு கூட்டமே அதில் வாடகை இல்லாமல் வசிக்கிறது.

*

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முறைகள் வேறுதான். தூசியை எடை போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

காற்றை இழுத்துத் தூசியைப் பிடிக்கும் ஒரு சாம்பிளருக்குள் 47 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய டெஃப்லான் வட்டு ஒன்று. அதுதான் ஃபில்டர். கீழே ஒரு பம்ப், நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை அதன் வழியே இழுக்கும். ஒரு மணிக்கு ஒரு கன மீட்டர், ஒரு நாளைக்கு 24 கன மீட்டர். நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு 60 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் காற்று 24 மணி நேரம் ஓடி முடித்தால் வட்டின் மேல் சேர்ந்திருப்பது 1.44 மில்லிகிராம். ஃபில்டரின் சொந்த எடை அதைப் போலப் பல பத்து மடங்கு. முந்தைய எடையைப் பிந்தைய எடையிலிருந்து கழித்துத்தான் தூசியைக் கண்டுபிடிக்க வேண்டும். கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு, இடுக்கி, கையுறை, மின்னேற்றத்தைப் போக்க ஒரு சாதனம் என்று எல்லாம் வேண்டும். வட்டில் கொஞ்சம் மின்னேற்றம் ஒட்டிக்கொண்டிருந்தால் தராசு பொய் சொல்லும். விரல் பட்டால் விரலின் எண்ணெயும் மாசுக் கணக்கில் ஏறும்.

எடை போடும் முன் ஃபில்டரை ஓர் அறையில் பதப்படுத்த வேண்டும். அமெரிக்க விதிப்படி அந்த அறை 20 முதல் 23 டிகிரி வெப்பம், 30 முதல் 40 சதவீதம் ஈரப்பதம். ஐரோப்பிய விதிப்படி 19 முதல் 21 டிகிரி, 45 முதல் 50 சதவீதம் ஈரப்பதம். இரண்டும் எங்குமே ஒன்றையொன்று தொடாத ஈரப்பதங்கள். தூசியில் உப்புகள் இருக்கின்றன, அவை ஈரத்தைக் குடிக்கும். ஆகவே ஒரே தூசி அமெரிக்காவில் ஒரு எடை, ஐரோப்பாவில் வேறு எடை. நடுவில் கரன்ட் போய் ஏசி நின்றுவிட்டால் மூன்றாவதாக ஒரு எடை.

இன்னொன்று, தூசியில் ஒரு பகுதி ஓடிவிடும். அமோனியம் நைட்ரேட் கொஞ்சம் சூடு பட்டாலே ஆவியாகிறது. டியோம் என்று ஒரு கருவி உண்டு. அதிரும் ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் ஃபில்டரை வைத்து, தூசி சேரச் சேர அதிர்வு குறைவதைக் கொண்டு எடை சொல்வது. காற்றின் ஈரம் தொல்லை தரக்கூடாது என்று அதை 50 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். ஈரம் போயிற்று, கூடவே மாசும் போயிற்று. பிரிட்டனில் இதைக் கண்டுபிடித்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? டியோம் காட்டும் எண்ணை 1.3-ஆல் பெருக்கி அதையே அதிகாரபூர்வ அளவாக எடுத்துக்கொண்டார்கள். கருவி குறைத்துக் காட்டுகிறது, ஆகவே கூட்டிப் படி! நம் ஊர்க் கோப்பில் இப்படி ஒரு குறிப்பு எழுதும் அதிகாரிக்கு அடுத்த நாளே எந்த ஊருக்கு மாற்றல் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். காற்று நன்றாக இருக்கும் ஊராகத்தான் இருக்கும்.

மலிவு விலை சென்சார்கள் வேறு ரகம். அவை எடையே போடுவதில்லை. லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதைப் பார்த்து எடையை ஊகிக்கின்றன. ஈரமான காற்றில் துகள் ஊதிப்போகும், ரீடிங்கும் ஊதிப்போகும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 'பர்ப்பிள் ஏர்' என்கிற சென்சாரின் எண்களைக் குப்பையில் போடவில்லை. அரசுக் கருவிகளின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ரீடிங்கை ஏறக்குறையப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்கு ஒரு கழிவும் கொடுத்து ஒரு சூத்திரம் செய்தது. காட்டுத்தீயின் போது அந்த எண்களையும் சேர்த்தே மக்களுக்குப் படம் போட்டுக் காட்டியது. தப்பாகச் சொல்கிற கருவி எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை வைத்து வேலை பார்க்கலாம். ஒப்பீடு என்கிற அறிவியல் இருப்பதே அதற்குத்தான்.

ஆய்வகங்களை ஒப்பிடுவதற்கும் ஒழுங்கான முறைகள் உண்டு. ஒரே காற்றைப் பத்து ஊருக்குக் கூரியரில் அனுப்ப முடியாது. ஃபில்டரை அனுப்பினாலோ வழியில் பாதி உதிரும், மீதி ஆவியாகும். அதனால் பத்து சாம்பிளர்களையும் ஒரே மொட்டை மாடியில் அக்கம்பக்கமாக நிறுத்துவார்கள். இத்தாலியில் இஸ்ப்ரா என்ற ஊரில் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் இருக்கிறது. அவர்கள் கருவிகளை ஒரு வண்டியில் ஏற்றி, நாடு நாடாகப் போய், அந்தந்த நாட்டின் தலைமை ஆய்வகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தார்கள். பிறகு ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு மதிப்பெண். ஏற்றுக்கொண்ட அளவிலிருந்து எவ்வளவு விலகினாய் என்பதே அது. இரண்டுக்குள் இருந்தால் தேர்ச்சி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சந்தேகம், மூன்றைத் தாண்டினால் உன் தராசைப் போய்ப் பார். இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஒரு மைக்ரோகிராமுக்காக ராத்தூக்கம் கெடுகிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

*

சரி, தூசிக்குள் எது எவ்வளவு என்று ஓர் ஆய்வகம் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? அதற்கு ஆதாரத் தூசி என்று ஒன்று வேண்டும். உள்ளே என்னென்ன பொருள் எவ்வளவு என்று சான்றிதழோடு வரும் தூசி. உலக ஆய்வகங்கள் பலவும் நம்பியிருக்கும் அத்தகைய நகரத் தூசிகளில் ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1970-களில் சேகரித்தது. இன்னொன்று அதே காலத்தில் வாஷிங்டனில் பிடித்தது. கண்ணாடிக் குப்பியில் சில கிராம். டாலரில் விலை.

ஆக, அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் அமெரிக்க நகரத்தின்மேல் மிதந்த தூசியைக் காசு கொடுத்து வாங்கி வந்துதான் ஓர் ஆய்வகம் தன் கை சுத்தத்தை நிரூபிக்கிறது. எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை அணைத்தபடி இருக்கும் கிராமம். அங்கே தூசிக்குக் குப்பி தேவையில்லை. காலையில் திண்ணையைத் துடைத்தால் மத்தியானம் மறுபடி துடைக்கலாம். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை எடுத்து உதறினால் ஓர் ஆய்வகத்துக்கு ஓராண்டுக்குப் போதும். எல்லாம் இலவசம், வீட்டு வாசலுக்கே வருகிறது, சான்றிதழ் மட்டும்தான் இல்லை. அதனால் அதை அங்கே யாரும் தூசி என்று ஒப்புக்கொள்வதில்லை. 'ஆய்வு செய்யப்படும்' என்று சொல்கிறார்கள்.

*

இனி அந்த ஆய்வக எண் கோட்டைக்குப் போகிற வழியில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கீழே வருகிற கூட்டம் எந்த ஊரிலும் நடந்ததாக நான் சொல்லவில்லை. நடக்காத ஊர் எது என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

"மேடம், பத்து லேபையும் ஒரே மாடியில வச்சு ஓட்டினோம். எட்டு லேப் 92-லேர்ந்து 108-க்குள்ள சொல்லுது. ஒண்ணு 121. ஒண்ணு 71."

"அந்த 71 யாரு?"

"அவங்க பம்ப்ல லீக் மேடம். ஃபில்டர் வழியா முழுக் காத்தும் போகல. அதான் தூசி கம்மியா..."

"லீக்கை விடுங்க. ரிப்போர்ட்ல '71 முதல் 121 வரை'ன்னு போடுங்க."

"அந்த ரெண்டையும் தள்ளிட்டா நூறுக்குப் பக்கத்துல கெட்டியா நிக்குது மேடம்."

"ஒரு லேபைத் தள்ளினா அவங்க மனசு கஷ்டப்படாதா? பத்திரிகைக் குறிப்புல 'அளவீடுகளுக்கிடையே பெரும் வேறுபாடு'ன்னு தலைப்பு வைங்க."

"லிமிட் 60 மேடம். 71-ன்னாலும் மீறல்தான்."

சின்ன மௌனம். டீ வருகிறது.

"அப்ப, 'மேலும் ஆய்வு தேவை'ன்னு முடிச்சுடுங்க."

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் தராசில் முத்திரை இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரி வந்து நிற்பார். அந்த அம்மா அவரிடம், "ஐயா, எடையில் நிச்சயமின்மை என்பது இயல்பு. ஆய்வகங்களுக்கிடையே ஒப்பீடு நடந்துகொண்டிருக்கிறது. முடிவு வரும் வரை இந்த வஞ்சிரம் ஒரு கிலோ என்றே கொள்ளவும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். தராசும் போகும், மீனும் போகும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர்கள் கூடத்தின் கோணலை அளக்க ஒரு குழு, அந்தக் குழு அளந்த முழக்கோலைச் சரிபார்க்க ஒரு துணைக்குழு என்று போட்டுவிட்டு, ஆட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் காசு மட்டும் திரும்பி வராது.

அளவின் நிச்சயமின்மை என்கிற இந்தக் கூட்டல் கழித்தல் எவ்வளவு பெரிது என்றுதான் ஒரு தடவை பார்த்துவிடுவோமே. நிரந்தரக் கருவியின் அளவில் நுண்துகளுக்கு 25 சதவீதம் வரை பிசகு இருக்கலாம் என்று ஐரோப்பாவின் 2008 ஆணை அனுமதித்தது. டெல்லியின் ஆண்டுச் சராசரி நூறு மைக்ரோகிராமைச் சுற்றி நிற்கிறது. மொத்தப் பிசகையும் அரசுக்குச் சாதகமாகவே கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 75. நம் ஆண்டு வரம்பு 40. உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன அளவு 5. போகட்டும், கருவி பாதிக்குப் பாதி பொய் சொல்கிறது என்றே வைத்து 50 என்று எழுதுங்கள். அப்போதும் நம் வரம்பைத் தாண்டியாயிற்று, அவர்கள் வரம்பைப் போலப் பத்து மடங்கு. எந்த ஆய்வகம், எந்த ஃபில்டர், எந்த ஈரப்பதம் என்பதெல்லாம் 5-ஆ 6-ஆ என்று வாதாடும் ஊர்களில் உயிர்போகிற கேள்விகள். நூறில் நின்றுகொண்டு தசமப் புள்ளிக்குச் சண்டை போடுகிறவனுக்குத் தசமப் புள்ளியில் அக்கறை இல்லை.

நம் வரம்பைச் சொல்லும்போது அதன் அடிக்குறிப்பையும் சொல்ல வேண்டும். 2009 நவம்பர் 18-இல் வந்த அறிவிக்கை அது. ஆண்டுச் சராசரிக்கு வாரம் இரண்டு நாள் வீதம் 104 நாள் அளந்தால் போதும் என்கிறது. ஒரு நாள் வரம்பை ஆண்டில் 98 சதவீத நேரம் காப்பாற்ற வேண்டும், மீதி இரண்டு சதவீதம் தாண்டலாம். ஆனால் அளக்கிற நாட்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் தாண்டக்கூடாதாம். எவ்வளவு கறாரான கணக்கு! படித்தால் அழுகை வரும் அளவுக்கு நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள். தாண்டினால் யாருக்கு என்ன தண்டனை என்ற வரியை மட்டும் அந்த அட்டவணையில் தேடாதீர்கள். நமது காற்றுத் தரக் குறியீடோ 500-இல் நின்றுவிடும். 2024 நவம்பரில் தனியார் நிறுவனங்களின் குறியீடுகள் டெல்லிக்கு ஆயிரத்தைத் தாண்டிக் காட்டியபோது நம் வாரியத்துடையது ஐந்நூறுக்குள் அடக்கமாக இருந்தது. அதற்கு மேல் எண்ணே இல்லாத ஒரு கணக்கில் அதற்கு மேல் மாசு எப்படி இருக்கும்?

*

எண்ணைக் குறைக்க இரண்டு வழி உண்டு. மாசைக் குறைப்பது ஒன்று. மற்றது அளக்கிற இடத்தைக் கவனிப்பது.

சீனாவில் ஷியான் நகரத்தில் 2016-இல் ஒரு கண்காணிப்பு நிலையத்தின் அதிகாரிகளே சாம்பிளரின் வாயில் பஞ்சுத் துணியை அடைத்தார்கள். காற்று உடனே சுத்தமாகிவிட்டது. லின்ஃபன் என்ற நகரத்தில் இன்னும் விரிவான ஏற்பாடு. ஆறு நிலையங்கள், தண்ணீர் தெளிப்பு, அடைப்பு என்று ஓராண்டுக்குள் நூறு தடவை அளவில் திருவிளையாடல். நகரச் சுற்றுச்சூழல் துறையின் தலைவரே முன்னின்று நடத்தினார். 2018-இல் பதினாறு பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஷியான் ஆட்களும் 2017-லேயே சிறைக்குப் போனார்கள்.

முட்டாள்கள். பஞ்சு அடைப்பது குற்றம் என்று தெரியாமல் போய்விட்டது அவர்களுக்கு. அதையே தூசி ஒழிப்புத் திட்டம் என்று பெயர் வைத்து டெண்டர் விட்டிருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

டெல்லி ஆனந்த் விஹாரில் கண்காணிப்பு நிலையத்தைச் சுற்றிச் சுற்றி லாரிகள் தண்ணீர் பீய்ச்சுவதை 2025 தீபாவளிச் சமயத்தில் நாடே படத்தில் பார்த்தது. மாசு அதிகமுள்ள இடத்தில் தண்ணீர் தெளிப்பது வழக்கம்தானே என்றது அரசுத் தரப்பு. நியாயம். காய்ச்சல் இருக்கும் இடம் தெர்மாமீட்டர் என்றால் ஈரத் துணியை அதற்குத்தானே சுற்ற வேண்டும். அதே தீபாவளியன்று டெல்லியின் 37 நிலையங்களில் ஒன்பது மட்டுமே இடைவிடாமல் ஓடியதாகப் பத்திரிகைகளில் வந்ததை, உச்ச நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞர் நீதிபதிகளிடம் எடுத்துச் சொன்னார். மற்ற 28 கருவிகளுக்கு அன்று பண்டிகை விடுப்பு போலிருக்கிறது. ஆய்வகங்களுக்கிடையே அளவு வேறுபடுகிறது என்று வருந்துகிறவர்கள் இதைப் பாராட்ட வேண்டும். இல்லாத அளவுகளுக்கிடையே வேறுபாடே வராது.

தண்ணீர் லாரிக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது என்பதற்கும் அளவுமுறையில்தான் விடை இருக்கிறது. 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. தூத்துக்குடி அதில் அப்போதே உண்டு. சென்னை, மதுரை, திருச்சி பிறகு சேர்ந்தன. நுண்துகளையும் பெரிய தூசியையும் இத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று அதில் இலக்கு வைத்தார்கள். ஆனால் நகரங்களின் செயல்பாட்டை எதை வைத்து மதிப்பிட்டார்கள்? நுரையீரலின் அடி வரை போய் ரத்தத்தில் கலக்கும் பி.எம். 2.5-ஐ அல்ல. அதைவிடப் பெரிய தூசியும் சேர்ந்த பி.எம். 10-ஐ. பெரிய தூசி சாலையில் கிடக்கிறது. தண்ணீர் அடித்தால் படிந்துவிடும், பெருக்கும் இயந்திரம் வாங்கினால் பில் போடலாம், யாருடைய ஆலையையும் மூட வேண்டாம். திட்டத்தின் பணம் எங்கே போனது என்று டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குப் பார்த்தது. 64 சதவீதம் சாலைத் தூசிக்கு. ஆலை மாசைக் கட்டுப்படுத்த 0.61 சதவீதம்.

பூஜ்ஜியம் புள்ளி ஆறு ஒன்று. தராசு தெரிந்தவர்கள் யாராவது அந்த எண்ணின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். எந்த ஆய்வகத்தின் பிசகும் அதைவிடப் பெரிது.

*

கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் ஒன்று பாக்கி இருக்கிறது. அனல் மின் நிலையங்களின் புகையில் கந்தக டை ஆக்சைடு வரும். அதைக் கழுவி எடுக்கும் கருவியை இரண்டு ஆண்டுக்குள் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டு ஏழானது, ஏழு இன்னும் நீண்டது. கடைசியில் 2025 ஜூலையில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு அந்தக் கடமையே வேண்டாம் என்று அரசு விலக்கு அளித்துவிட்டது. காரணம்? அளந்து பார்த்தார்களாம். அந்தக் கருவி இருக்கும் நிலையத்தைச் சுற்றியும் இல்லாத நிலையத்தைச் சுற்றியும் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறதாம்.

உண்மையாகவே இருக்கும். ஏனென்றால் அந்த வாயு புகைக்கூண்டு நிழலில் உட்கார்ந்து ஆய்வாளருக்காகக் காத்திருப்பதில்லை. உயரமான கூண்டிலிருந்து கிளம்பி, காற்றோடு போய், மணிக்கணக்கில், நாள்கணக்கில் மாறி, சல்ஃபேட் துகளாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இன்னொரு ஊரின் ஃபில்டரில் பி.எம். 2.5 என்ற பெயரில் இறங்குகிறது. புகை விட்ட இடத்தில் வாயுவை அளந்தால் 'வரம்புக்குள்'. துகள் இறங்கிய ஊரில் அளந்தால் 'மூலம் தெரியவில்லை, மேலும் ஆய்வு தேவை'. திருடன் வீட்டில் தேடும்போது நகையைக் கேட்டார்கள், அவனிடம் உருக்கிய தங்கம்தான் இருந்தது. ஆகவே விடுதலை.

எந்த இடத்தில், எந்தப் பொருளை, எந்த நேரத்தில் அளப்பது என்று தேர்ந்தெடுத்தால் போதும். தராசில் கை வைக்கவே தேவையில்லை. ஒரு மைக்ரோகிராம் பிசகாமல் அளந்து, முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துவிடலாம். இங்கே ஆய்வகங்களை ஒப்பிட்டால் எல்லாருக்கும் நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும்.

நாடாளுமன்றத்தைக் கேட்டுப் பாருங்கள். 2019 டிசம்பரில் மக்களவையில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், மாசுக்கும் ஆயுள் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என்றார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான், அரசின் சொந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பங்கேற்ற ஆய்வு லான்செட் குழும இதழில் வந்திருந்தது. 2017-இல் காற்று மாசால் இந்தியாவில் இறந்தவர்கள் 12.4 லட்சம், மாசு மட்டும் குறைவாக இருந்திருந்தால் இந்தியரின் சராசரி ஆயுள் 1.7 ஆண்டு கூடியிருக்கும் என்றது அது. 12.4 லட்சம் என்பது ஒரு மாதிரிக் கணக்குதான், அதற்கும் மேல் எல்லை, கீழ் எல்லை உண்டு. ஆகவே அமைச்சருக்கு அந்தக் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்துவிட்டது. அறையை யாரும் காலி செய்யவில்லை. 2025 டிசம்பரிலும் மாநிலங்களவையில், காற்றுத் தரக் குறியீட்டுக்கும் நுரையீரல் நோய்க்கும் நேரடித் தொடர்பை உறுதியாக நிறுவும் தரவு இல்லை என்றே பதில் வந்தது. பதில் சொல்லும் அமைச்சர்களின் அறைகளில் காற்று சுத்திகரிப்பான் எந்த நம்பிக்கையில் ஓடுகிறது என்று துணைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அந்தக் கருவி சார்ந்த நம்பிக்கைக்கு ஒப்பீடு தேவைப்படுவதில்லை. அதன் முகப்பில் ஒளிரும் எண்ணும் அதே மலிவு லேசர் சென்சார் சொல்வதுதான். பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் வைத்தால் 'அங்கீகரிக்கப்படாத கருவி'. அதிகாரியின் படுக்கையறையில் வைத்தால், அதில் சிவப்பு எரிந்த நொடியே விசிறி வேகம் கூடுகிறது.

எனவே ஆய்வகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பீட்டுக்கு நாள் குறிக்கும்போது நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரத்தைப் பார்க்காதீர்கள். டெல்லியில் தீபாவளி இரவு, சென்னையில் போகி விடியற்காலை என்று குறியுங்கள். சாம்பிளர்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத் தோட்டத்தில் வேண்டாம், மணலியிலும் செப்பாக்கத்திலும் வீட்டு மாடிகளில் நிறுத்துங்கள். அங்கே இடம் தருவார்கள், தேநீரும் தருவார்கள். எந்த நாட்டு ஈரப்பதத்தில் எடை போட்டாலும் சரி, எந்தச் சூத்திரத்தால் வகுத்தாலும் சரி.

வாரியத்துக்கும் கோட்டைக்கும் தனியாக ஒன்று. முடிவு வந்ததும் கூட்டலை விட்டுவிடுங்கள், கழித்தலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆய்வகத்தில் எது மிகக் குறைவாகச் சொல்கிறதோ, பம்ப் லீக்கான அந்த ஆய்வகத்தின் எண்ணையே வைத்துக்கொள்வோம், எங்களுக்குச் சம்மதம். அந்த எண்ணும் 60-ஐத் தாண்டியிருந்தால் மறுநாள் காலை எத்தனை மணிக்கு எந்தப் புகைக்கூண்டை நிறுத்துவீர்கள் என்பதை மட்டும், ஒப்பீடு தொடங்கும் முன்பே, பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.